இலங்கையின் காப்பித் துரு நோய்: குறைத்து மதிப்பிடப்பட்ட ஓர் உயிரியல் இடர்

நோய்க்கிருமிகள், பூஞ்சைகள், பூச்சிகள், களைகள், அயல்நாட்டிலிருந்து வந்து கட்டுப்பாடின்றிப் பெருகும் செடிகளும் விலங்குகளும் ஆகியவற்றால் மனிதருக்கும் பயிருக்கும் இயற்கைக்கும் நேரக்கூடிய தீங்கு உயிரியல் இடர் எனப்படும். வெள்ளம் வடிந்துவிடும்; தீ அணைந்துவிடும். உயிரினமோ தானே பெருகும் தன்மை கொண்டது. ஓர் இலையில் தொடங்கியது சில ஆண்டுகளில் ஒரு நாட்டையே நிரப்பிவிடலாம். எனவே இத்தகைய இடரை, சேதம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மதிப்பிட வேண்டியிருக்கிறது. இன்று உலக நாடுகள் பின்பற்றும் இடர் மதிப்பீட்டு முறைகள் பல பேரழிவுகளின் அனுபவத்திலிருந்து உருவானவை. அவற்றுள் ஒன்று 19 ஆம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாட்டில் நிகழ்ந்தது. காப்பிச் செடியைத் தாக்கிய இலைத்துரு நோய் ஏறத்தாழ 20 ஆண்டுகளில் அந்நாட்டின் முதன்மை ஏற்றுமதித் தொழிலை அழித்தது. தமிழகத்திலிருந்து சென்ற பல்லாயிரம் தொழிலாளரின் வாழ்க்கையையும் அது மாற்றியது.

காப்பித் தோட்டங்களின் எழுச்சி

இலங்கையில் காப்பிச் செடி ஆங்கிலேயர் வருமுன்பே இருந்தது. ஒல்லாந்தர் அதைப் பயிரிட முயன்றும் பெரிய வெற்றி காணவில்லை. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கண்டிப் பகுதியில் பெருந்தோட்டங்கள் தொடங்கப்பட்டன. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும் அங்கே காப்பி உற்பத்தி குறைந்தது. 1835 இல் பிரித்தானியா, கிழக்கிந்தியக் காப்பிக்கும் மேற்கிந்தியக் காப்பிக்கும் ஒரே அளவு தீர்வை விதித்தது. இவ்விரண்டும் இலங்கைக் காப்பிக்குச் சந்தையைத் திறந்துவிட்டன. 1840களின் பிற்பகுதியில் விலை சரிந்து பல தோட்டங்கள் நொடித்தாலும், அடுத்த பத்தாண்டில் தொழில் மீண்டும் எழுந்தது. 1867 இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு இரயில் பாதை அமைந்தபோது, அதன் முக்கிய நோக்கம் காப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதே.

1870 அளவில் ஆண்டு ஏற்றுமதி 10 கோடி இறாத்தலுக்கும் (பவுண்டுக்கும்) மேல் சென்றது. பிரேசில், ஜாவா ஆகியவற்றோடு இலங்கையும் உலகின் முன்னணிக் காப்பி நாடுகளுள் ஒன்றாக இருந்தது. இவ்வளர்ச்சிக்காக மலைக்காடுகள் அடியோடு வெட்டி எரிக்கப்பட்டன. மலைச்சரிவு முழுவதும் ஒரே பயிர், அதிலும் அராபிக்கா என்ற ஒரே இனம், நிழல் மரங்களோ காற்றுத் தடுப்போ அதிகம் இல்லாமல் நடப்பட்டது. உலகெங்கும் பயிரிடப்பட்ட அராபிக்காவின் மரபுவழி மிகக் குறுகியது. ஒரு செடியை வீழ்த்தக்கூடிய நோய் எல்லாச் செடிகளையும் வீழ்த்தக்கூடும் என்பதே இதன் பொருள். அந்நாளில் இதை ஓர் ஆபத்தாக எவரும் கருதவில்லை.

1869: மடுல்சீமையில் ஒரு புள்ளி

1869 இல் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சள் கலந்த செம்மண் நிறப் பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன. புள்ளிகள் பரவிய இலைகள் விரைவில் உதிர்ந்தன. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜார்ஜ் துவெய்ட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே மைல்ஸ் பெர்க்லி, கிறிஸ்டோபர் புரூம் என்ற பூஞ்சையியல் அறிஞர்கள் அதை ஆராய்ந்து, அதுவரை அறிவியல் அறியாத புதிய பேரினம் எனக் கண்டனர். அவர்கள் வைத்த பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். பூஞ்சை வித்தின் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறு பக்கம் முள்போன்றும் இருப்பதால் முதற்சொல் 'பாதி வழவழப்பு' என்று பொருள்படும். இரண்டாம் சொல் 'பாழாக்குவது' எனப் பொருள்படும். பெயரிட்ட அதே ஆண்டில் அந்தப் பெயரின் முழுப் பொருளை உணர்ந்தவர் மிகச் சிலரே.

இந்தப் பூஞ்சையின் தாயகம் காப்பிச் செடியின் தாயகமான ஆப்பிரிக்காவே. அங்கே காட்டுக் காப்பியும் பூஞ்சையும் நீண்ட காலம் சேர்ந்தே வாழ்ந்தன. பல இன மரங்களுக்கிடையே சிதறி நிற்கும் காட்டுச் செடிகளில் அது பெருங்கேடு விளைவிக்கவில்லை. இலங்கையிலோ அது தொடர்ச்சியான காப்பிக் கடலைச் சந்தித்தது. சில ஆண்டுகளுக்குள் தீவின் காப்பி மாவட்டங்கள் அனைத்திலும் பரவிவிட்டது.

இடர் ஏன் குறைத்து மதிப்பிடப்பட்டது?

நோய் தெரிந்த பிறகும் தோட்டத் துரைமார் பல ஆண்டுகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, துரு நோய் செடியை உடனே கொல்வதில்லை. இலை உதிர்ந்த செடி அடுத்த மழையில் மீண்டும் துளிர்க்கும். துளிர்த்த செடியைப் பார்த்தவர்கள் நோய் நீங்கிவிட்டது என்று எண்ணினர். ஆனால் ஒவ்வொரு முறையும் இலையை இழந்து மீளும் செடி தன் சேமிப்பைச் செலவிடுகிறது. காய்ப்பதற்கு அதனிடம் வலுவில்லை. சேதம் செடியின் சாவாகத் தெரியாமல், ஆண்டுக்காண்டு குறையும் விளைச்சலாகவே தெரிந்தது.

இரண்டாவது, விளைச்சல் ஆண்டுதோறும் ஏறி இறங்குவது காப்பிக்கு இயல்பு. ஒரு நல்ல பருவம் வந்தால் அதுவே நோய் ஓய்ந்ததற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

மூன்றாவது, 1870களில் உலகச் சந்தையில் காப்பி விலை உயர்ந்தது. ஏக்கருக்கு விளைச்சல் குறைந்தபோதும் வருமானம் குறையவில்லை. கணக்குப் புத்தகம் இலாபத்தைக் காட்டியதால் இலையைக் கவனிக்க வேண்டிய அவசியம் தோன்றவில்லை. மாறாக, திம்புளை, டிக்கோயா, மஸ்கெலியா போன்ற உயர்ந்த பகுதிகளில் புதிய காடுகள் அழிக்கப்பட்டுக் காப்பி நடப்பட்டது. 1878 அளவில் காப்பிப் பரப்பு ஏறத்தாழ 2,75,000 ஏக்கரை எட்டியது. அதாவது நோய் வந்து 9 ஆண்டுகளுக்குப் பிறகு, நோய்க்கு இரையாகக்கூடிய பரப்பு முன்னைவிட அதிகமாக இருந்தது. அந்தக் காலத்திற்குள் ஏக்கர் விளைச்சல் பாதியளவுக்குச் சரிந்திருந்தது.

நான்காவது, நோய்க்கான காரணம் பற்றிய கருத்து. மண் சத்து குறைந்தது, உரம் போதவில்லை, பருவநிலை கெட்டது, செடி தளர்ந்தது என்றே பலர் நம்பினர். பூஞ்சை என்பது தளர்ந்த செடியில் தோன்றும் அடையாளம் மட்டுமே என்பது அவர்கள் எண்ணம். எனவே எருவும் உரமும் இட்டுச் செடியை வலுப்படுத்தச் செலவிட்டனர். உரமிட்ட செடி கூடுதல் இலைகளை விட்டது. அந்த இலைகளிலும் துரு ஏறியது.

மார்ஷல் வார்டின் ஆய்வு

1870களின் முடிவில் நிலைமை மறைக்க முடியாததாயிற்று. பேராதனையில் பணியாற்றிய டேனியல் மோரிஸ் கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார். அடுத்து 1880 இல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலார் இங்கிலாந்திலிருந்து வந்தார். அப்போது அவருக்கு வயது 26 கூட நிறையவில்லை. இரண்டு ஆண்டுகள் தங்கி அவர் வெளியிட்ட அறிக்கைகள் தாவர நோயியல் வரலாற்றில் முக்கியமானவை.

வார்டு பூஞ்சை வித்துகளை நலமான இலைகளில் இட்டு, நோய் உண்டாவதைப் படிப்படியாகக் கண்டார். வித்து முளைப்பதற்கு இலையின் மேல் நீர்த்துளி இருக்க வேண்டும். முளைத்த இழை இலையின் அடிப்புறத்திலுள்ள இலைத்துளை வழியே உள்ளே நுழைகிறது. நுழைந்து சில வாரங்கள் கழித்தே வெளியில் புள்ளி தெரிகிறது. பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, வித்துகள் காற்றில் பரவுவதையும் அவர் காட்டினார். ஆகவே பூஞ்சை நோயின் அடையாளம் அன்று, அதுவே காரணம். வலுவான செடியும் அதற்குத் தப்பாது என்பது உறுதியாயிற்று.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்பட்டன. ஒன்று, பூஞ்சை இலைக்குள் நுழைந்த பிறகு மருந்து தூவிப் பயனில்லை. நுழையுமுன் இலையின் மேற்பரப்பைக் காக்க வேண்டும். மற்றொன்று, தடையின்றித் தொடரும் ஒற்றைப் பயிர்த் தோட்டங்களே நோயின் வேகத்துக்குக் காரணம். இடையிடையே மரவரிசைகள் இருந்திருந்தால் காற்றுவழிப் பரவல் குறைந்திருக்கும். இவை சரியான முடிவுகள். ஆனால் தோட்டக்காரர்கள் எதிர்பார்த்தது உடனடி மருந்து. வார்டிடம் அது இருக்கவில்லை. தாமிரச் சல்பேட்டும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையின் பயனைப் பிரான்சில் மில்லார்டே வெளியிட்டது 1885 இல்தான். அதற்குள் இலங்கையில் பலர் காப்பியைக் கைவிட்டுவிட்டனர்.

வீழ்ச்சியின் சுமை யார் மேல்?

1889 இல் காப்பி ஏற்றுமதி ஏறத்தாழ 50 இலட்சம் இறாத்தலாகக் குறைந்தது. இருபதில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. தோட்டங்கள் கைமாறின, பல கைவிடப்பட்டன. 1884 இல் தோட்டங்களுக்குப் பெருமளவில் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி மூடப்பட்டது. சிலர் லைபீரியக் காப்பியை நட்டனர். அதையும் துரு தாக்கியது. சிலர் சிங்கோனா நட்டனர். உற்பத்தி மிகுந்து அதன் விலை வீழ்ந்தது.

இவ்வரலாறு பெரும்பாலும் துரைமாரின் நட்டமாகவும் வங்கிகளின் நட்டமாகவுமே எழுதப்பட்டுள்ளது. ஆனால் காப்பியைப் பறித்தவர்கள் திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிகளின்கீழ் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள். அறுவடைக் காலத்தில் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் இறந்தோர் பலர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் உலுக்கியபோது, 1877 இல் மட்டும் 1,00,000 பேருக்கு மேல் இலங்கைக்குச் சென்றனர். அவர்கள் நம்பிச் சென்ற தொழில் அப்போதே உள்ளே அரிக்கப்பட்டிருந்தது. தோட்டம் நொடித்தபோது தொழிலாளருக்குக் கிடைக்காமல் போனது மாதக்கணக்கான கூலிப் பாக்கி. கங்காணியிடம் பட்ட கடன் மட்டும் தள்ளுபடியாகவில்லை.

இடரைக் கணித்தவர்களும் இடரைச் சுமந்தவர்களும் வேறு வேறு மக்கள் என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. இலாபம் குறையாதவரை ஆபத்து இல்லை என்று துரைமார் முடிவு செய்தனர். அந்த முடிவில் தொழிலாளருக்குப் பங்கில்லை. அதன் விளைவில் பங்கு இருந்தது.

தேயிலையும் நிலையான குடியிருப்பும்

காப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 1867 இல், அதாவது துரு நோய் தோன்றுமுன்பே, லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அந்தச் சிறு முயற்சி 1880களில் முழு மலைநாட்டுக்கும் வழிகாட்டியது. துரு நோயால்தான் ஆங்கிலேயர் தேநீர் குடிக்கத் தொடங்கினர் என்று பரவலாகச் சொல்லப்படுவது தவறு. பிரித்தானியாவில் 18 ஆம் நூற்றாண்டிலேயே சீனத் தேயிலை பழக்கமாகிவிட்டது. துரு நோய் மாற்றியது இலங்கை எதை விளைவிக்கிறது என்பதையே.

காப்பிக்குச் சில மாதங்களே ஆட்கள் அதிகம் தேவை. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டும். பருவத்துக்கு வந்து போனவர்கள் குடும்பத்தோடு லயங்களில் நிலையாகத் தங்கினர். பெண்களின் உழைப்பு கொழுந்து பறிப்பின் அடித்தளமாயிற்று. இன்றைய மலையகத் தமிழ்ச் சமூகத்தின் உருவாக்கத்தில் இம்மாற்றத்துக்குப் பெரும் பங்குண்டு. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அச்சமூகத்தில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது அரசியல் முடிவு. அதற்குப் பூஞ்சையைக் காரணம் காட்ட முடியாது. ஆனால் அவர்கள் அங்கே நிலையாக வாழ நேர்ந்ததன் தொடக்கங்களுள் ஒன்று அந்த இலைப்புள்ளி.

தென்னிந்தியா எப்படித் தப்பியது?

துரு நோய் விரைவிலேயே மைசூர், குடகு, வயநாடு பகுதிகளையும் அடைந்தது. அங்கும் சேதம் பெரிது. ஆயினும் காப்பி அழிந்துவிடவில்லை. இலங்கையின் மலைநாட்டில் இரு பருவமழைகளால் ஆண்டின் பெரும்பகுதி இலைகள் ஈரமாக இருக்கும். கர்நாடகப் பகுதிகளில் நீண்ட வறட்சிக் காலம் உண்டு; அப்போது வித்துகள் முளைப்பது தடைப்படும். மேலும், காட்டு மரங்களின் நிழலில் காப்பி வளர்க்கும் முறை அங்கே நிலைத்தது. 20 ஆம் நூற்றாண்டில் போர்டோக் கலவையும் எதிர்ப்புத் திறனுள்ள வகைகளும் சேர்ந்துகொண்டன. 1925 இல் பாலேஹொன்னூரில் காப்பி ஆய்வு நிலையம் அமைந்தது. அங்கே பணியாற்றிய வில்சன் மேய்ன், துருப் பூஞ்சையிலேயே பல இனப்பிரிவுகள் உண்டு என்பதை 1930களில் கண்டார். ஒரு காலத்தில் எதிர்த்து நின்ற கெண்ட் வகைக் காப்பி பின்னர் நோய்க்கு ஆளானதன் காரணம் இதனால் விளங்கியது. உயிரியல் இடர் ஒருமுறை மதிப்பிட்டு முடித்துவிடக் கூடியது அன்று. எதிரி மாறிக்கொண்டே இருக்கும்.

இடர் மதிப்பீட்டு முறை உருவாதல்

மனிதர் வழியே நோய் வருவதைத் தடுக்கத் துறைமுகங்களில் சோதனை நடந்த காலத்திலும், செடிகளும் விதைகளும் தடையின்றிக் கப்பலேறின. தாவரங்களுக்கான முதல் பெரிய பன்னாட்டு உடன்படிக்கை, திராட்சையை அழித்த பைலாக்செரா பூச்சிக்கு எதிராக 1878 இல் பெர்ன் நகரில் செய்யப்பட்டது. இந்தியாவில் 1914 இல் அழிவுப் பூச்சிகள் மற்றும் நோய்கள் சட்டமும், இலங்கையில் 1924 இல் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் வந்தன. 1951 இல் உலக நாடுகள் பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையை ஏற்றன. 1995 இல் உலக வணிக அமைப்பு தோன்றியபோது, நோயைக் காட்டி இறக்குமதியைத் தடுக்கும் நாடு அதற்கு அறிவியல் அடிப்படையிலான இடர் மதிப்பீட்டைக் காட்ட வேண்டும் என்பது விதியாயிற்று.

இம்மதிப்பீடு நான்கு கேள்விகளைக் கேட்கிறது. அந்த உயிரினம் நாட்டுக்குள் நுழைய வாய்ப்பு எவ்வளவு? நுழைந்தால் நிலைபெறுமா? நிலைபெற்றால் எவ்வளவு வேகமாகப் பரவும்? பரவினால் விளைவு என்ன?

இக்கேள்விகளை 1869 இன் இலங்கைக்குப் பொருத்திப் பார்க்கலாம். முதல் கேள்விக்கு விடையளிக்க அன்று எவராலும் இயன்றிராது. அறிவியலுக்கே தெரியாத பூஞ்சை எந்தப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்க முடியாது. ஆனால் அடுத்த மூன்று கேள்விகளுக்கும் தடயங்கள் கண்முன் இருந்தன. ஈரமான தட்பவெப்பம், இடைவெளியில்லாத ஒரே பயிர், அந்த ஒரே பயிரை நம்பிய பொருளாதாரம் ஆகியவை அவை. மற்ற நாடுகளுக்கோ முதல் கேள்விக்கும் விடை தெரியும். 1869 இலேயே நோய் பெயரிடப்பட்டு அச்சில் வந்துவிட்டது. ஆயினும் 1876 இல் சுமத்ராவிலும் ஜாவாவிலும், 1879 இல் பிஜியிலும் அது தோன்றியது. இலங்கையின் தவறைவிட இந்தத் தவறு பெரியது எனலாம்.

பாடம் பயன்பட்ட இடங்கள்

கற்ற பாடம் வீண்போகவில்லை என்பதற்குத் தேயிலையே சான்று. வடகிழக்கு இந்தியாவில் நெடுநாள் அறியப்பட்டிருந்த கொப்புள நோய் 1946 இல் தென்னிந்தியாவையும் இலங்கையையும் வந்தடைந்தது. இதுவும் ஈரத்தில் பரவும் பூஞ்சை நோய், தாக்குவது கொழுந்தையே. 1869 இன் நிலைமை திரும்பி வந்ததுபோல் தோன்றியது. ஆனால் இம்முறை தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருந்தது, தாமிர மருந்துகள் இருந்தன, நுழையுமுன் இலையைக் காக்க வேண்டும் என்ற வார்டின் அறிவும் இருந்தது. தேயிலை பிழைத்தது.

காப்பித் துரு 1970 இல் பிரேசிலின் பாகியா மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 2012 இல் மத்திய அமெரிக்காவில் கடுமையாக வெடித்து, குவாத்தமாலா, ஹொண்டுராஸ், கோஸ்டாரிகா ஆகிய நாடுகள் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குச் சென்றது. 2020 இல் ஹவாயையும் அடைந்தது. அங்கெல்லாம் காப்பி முற்றாக அழியவில்லை. ஆனால் சிறு விவசாயிகளும் பறிப்புத் தொழிலாளரும் முதலில் அடிபட்டனர்.

இன்று ஆசியாவின் முன்னுள்ள இதே வகை இடர் ரப்பரைச் சார்ந்தது. தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் அமேசான் பகுதியில் ஹென்றி போர்டின் பெரும் ரப்பர்த் தோட்டங்களைத் தோல்வியுறச் செய்த காரணங்களுள் ஒன்று. ஆசிய ரப்பர் மரங்களின் முன்னோர் 1876 இல் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட விதைகள். அவ்விதைகளில் முளைத்த கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடையிலும் நடப்பட்டன. விதை வந்தது, நோய் வரவில்லை. கேரளம், கன்னியாகுமரி, இலங்கை, மலேசியா, தாய்லாந்து எங்கும் உள்ள ரப்பர் மரங்கள் அந்நோயைச் சந்தித்ததில்லை. நோய் நுழையும் வாய்ப்பு சிறிது. நுழைந்தால் விளைவு மிகப் பெரிது. இத்தகைய இடரில், இதுவரை எதுவும் நடக்கவில்லை என்பதைப் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. தென் அமெரிக்காவிலிருந்து வரும் செடி, விதை, மண் ஆகியவற்றின் மீது ஆசிய நாடுகள் கடுமையான கட்டுப்பாடு வைத்திருப்பது இதனால்தான். 1869 இல் இலங்கையிடம் இல்லாதிருந்தது இந்த முன்னெச்சரிக்கையே.